ரெட் ஒயின் ஏன் துவர்க்கிறது? ஆம்பூர் தோலுக்கும் கேபர்னே திராட்சைக்கும் உள்ள தொடர்பு!

தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப் எங்கே?’ என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கடை வரிசையில் ஒயின் வாங்க நிற்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெயர்ப் பொருத்தம் அப்படி!

ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலியில் பிறந்து வளர்ந்து, இப்போது பெங்களூருவில் ஐ.டி. வேலை பார்க்கும் என் பெரியப்பா மகனுக்குச் சமீபத்தில் ஒரு டீம் டின்னர். மேனேஜர் ஒரு ரெட் ஒயின் பாட்டிலை ஆர்டர் செய்து, ஒரு வாய் குடித்துவிட்டு, “ஃபுல் பாடி... டானின் நல்லா இருக்கு” என்றாராம். மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணனும் தலையாட்டினார்.

ராத்திரி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “டேய், கடுக்காய்த் தண்ணி மாதிரி இருந்துச்சுடா. நாக்கு அப்படியே சுருங்கிப் போச்சு. இதுல என்ன நல்லா இருக்குன்னு ஒண்ணும் புரியல. நானும் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.”

விஷயம் என்னவென்றால், அந்த மேசையில் சரியாகச் சொன்னவர் அண்ணன்தான். கடுக்காயில் இருப்பதும் அந்த ஒயினில் இருப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள். அவருடைய அப்பா, அதாவது என் பெரியப்பா, முப்பது வருஷம் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் தோலை ஊறவைத்ததும் அதே பொருளில்தான்!

‘ஃபுல் பாடி’ என்றால் என்ன, எந்தத் திராட்சையில் இது வருகிறது, எந்தச் சாப்பாட்டோடு சேரும், எதோடு சேரவே சேராது? நம்ம ஊர் வழியாகவே பார்த்துவிடலாம்.

டானின்: பெயரிலேயே தோல் இருக்கிறது

மிருகத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அது செருப்பாகவோ பெல்ட்டாகவோ ஆக வேண்டுமென்றால் பதனிட வேண்டும். பதனிடுவதை ஆங்கிலத்தில் ‘டேனிங்’ என்பார்கள். அதற்கு ஐரோப்பாவில் பயன்பட்டது ஓக் மரப்பட்டை. அந்தப் பட்டையைக் குறித்த பழைய சொல்லிலிருந்துதான் டேனிங், டேனரி, டானின் மூன்றுமே வந்தன. ஆக ‘டானின்’ ஒயின்காரர்கள் கண்டுபிடித்த ஸ்டைலான வார்த்தை அல்ல. தோல்காரர்களிடமிருந்து வந்த வார்த்தை.

நம் பகுதியில் ஓக் மரம் கிடையாது. அந்த வேலையை இங்கே செய்தவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பொங்கலுக்கு வீட்டு வாசலில் செருகும் அதே ஆவாரைதான். ஆங்கிலத்தில் அதற்கு ‘டேனர்ஸ் கேசியா’, அதாவது தோல் பதனிடுபவர்களின் செடி என்றே பெயர். இப்படித் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பல் ஏறியது. ஈ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

பிறகு குரோமியம் உப்பு வந்தது. வாரக்கணக்கில் குழியில் ஊற வேண்டிய தோல், ஓரிரு நாளில் பதமானது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஷூ ஏற்றுமதியில் உலகத்தோடு போட்டி போட்டன. அதற்கு விலை கொடுத்தது பாலாறும் அதைச் சுற்றியிருந்த கிணறுகளும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, ‘மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும்’ என்ற கொள்கைக்காக இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம்.

பெரியப்பா வேலை பார்த்தது பழைய முறையில், பட்டைச் சாறு நிரப்பிய குழிகளில். அவரிடம் இந்த ஒயின் கதையைச் சொன்னபோது என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தோல் பதமாவதும் நாக்கு சுருங்குவதும்

டானினுக்கு ஒரு குணம் உண்டு. புரதத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும்.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார். டானின் அந்த நார்களுக்கு நடுவே புகுந்து, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு கிருமிகளால் அதை எளிதில் தின்ன முடியாது. தோல் அழுகாமல் நிற்கிறது.

இப்போது நம் வாய்க்கு வருவோம். எச்சில் வெறும் தண்ணீர் இல்லை. அதில் வழவழப்பு தரும் புரதங்கள் இருக்கின்றன. ரெட் ஒயினில் ஒரு மடக்கு குடித்ததும் டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரளவைத்துவிடுகிறது. வழவழப்பு போய், நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உரசிக்கொள்கின்றன. வாய் வறண்டு, இழுத்துப் பிடித்த மாதிரி ஆகிறது.

ஒரு சுவாரஸ்யம்: எச்சிலில் உள்ள அந்தப் புரதங்களிலும் கொலாஜனிலும் ‘புரோலின்’ என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. டானின் ஒட்டிக்கொள்ள ரொம்பப் பிடித்த இடம் அது. டேனரிக் குழியில் நடப்பதன் ஒரு துளி, நம் வாயிலும் நடக்கிறது. அவ்வளவுதான்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வார்த்தை

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு. அறுசுவையில் ஆறாவதாக வருகிறதே, அதுதான் இது.

மேற்கத்திய நாடுகளின் அடிப்படைச் சுவைப் பட்டியலில் துவர்ப்பு கிடையாது. அது சுவையைவிடத் தொடு உணர்வு என்றுதான் விஞ்ஞானிகள் பலர் சொல்கிறார்கள். அதனால் புதிதாக ஒயின் குடிக்கிறவர்கள் பலர் துவர்ப்பையும் கசப்பையும் குழப்பிக்கொள்வார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். பாகற்காய் கசப்பு. வாழைப்பூ, நாவல்பழம், கொட்டைப்பாக்கு, மாதுளைத் தோல் துவர்ப்பு. இது பாட்டி சொல்லிக்கொடுத்த பாடம்.

அதனால் அடுத்த முறை யாராவது ‘டானின் அதிகம்’ என்றால் மிரள வேண்டாம். ‘துவர்ப்பு தூக்கலா இருக்கு’ என்கிறார், அவ்வளவுதான்.

சரி, ‘ஃபுல் பாடி’ என்றால்?

நீர்மோரை ஒரு மடக்கு குடியுங்கள். அடுத்து மோர். அடுத்து ஒரு ஸ்பூன் கெட்டித் தயிர். மூன்றும் தயிர் வழி வந்தவைதான், ஆனால் வாயில் உணரும் கனம் வேறு வேறு. ஒயினில் ‘பாடி’ என்பது அந்தக் கனம். லைட் பாடி நீர்மோர் மாதிரி. ஃபுல் பாடி கெட்டித் தயிர் மாதிரி.

இந்தக் கனம் முக்கியமாக மூன்று விஷயங்களால் வருகிறது. முதலாவது ஆல்கஹால். பொதுவாக 13.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் ஃபுல் பாடி பக்கம் சாயும். இரண்டாவது டானின். மூன்றாவது, திராட்சையிலிருந்து இறங்கும் நிறமும் மற்ற கரைபொருள்களும்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்தால் பாதி ஒயின் புரிந்துவிடும். கறுப்புத் திராட்சையை உரித்துப் பிழிந்தால் வரும் சாறு, பெரும்பாலான ரகங்களில் நிறமே இல்லாமல்தான் இருக்கும். சிவப்பு நிறம் தோலில் இருக்கிறது. டானின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிறது. அதனால் ரெட் ஒயினுக்குச் சாற்றைத் தனியாகப் பிரிக்காமல் தோல், விதையோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். எவ்வளவு நாள் ஊறுகிறதோ, அவ்வளவு நிறமும் துவர்ப்பும் இறங்கும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் வைத்தால், அந்த மரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் டானின் கொடுக்கும்.

எந்தத் திராட்சை?

சின்னப் பழம், தடித்த தோல். ஃபுல் பாடி ஒயினுக்குத் தேவையான ஜாதகம் இதுதான். பழம் சிறிதானால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும்.

*கேபர்னே சாவின்யோன்:* பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து கிளம்பி, இன்று உலகிலேயே அதிகம் பயிரிடப்படும் ஒயின் திராட்சை. கறுத்த சின்னப் பழம், தடித்த தோல், நிறைய டானின். இவ்வளவு கனமான ரெட் ஒயின் திராட்சையின் பெற்றோரில் ஒன்று வெள்ளைத் திராட்சை! சிவப்பு ரகமான கேபர்னே ஃப்ராங்கும் வெள்ளை ரகமான சாவின்யோன் ப்ளாங்கும் கலந்து பிறந்தது இது என்று, 1997இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் டிஎன்ஏ வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

*ஷிராஸ்:* பிரான்ஸில் ‘சிரா’, ஆஸ்திரேலியாவில் ‘ஷிராஸ்’. இந்தியாவிலும் ஷிராஸ் என்றுதான் லேபிளில் போடுகிறார்கள். பெயரைப் பார்த்து ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஓடியது. டிஎன்ஏ சோதனை அதைப் பொய்யாக்கிவிட்டது. இது பிரெஞ்சு மண்ணின் பிள்ளை. கேபர்னேயைவிடப் பழச்சுவை தூக்கலாகவும், துவர்ப்பு சற்று மென்மையாகவும் இருக்கும். கூடவே ஒரு மிளகு வாசம்.

*தன்னா:* தென்மேற்கு பிரான்ஸின் மதிரான் பகுதித் திராட்சை. பெயரே டானின் வழி வந்தது. அந்த அளவுக்குத் துவர்ப்பு. 1870களில் உருகுவே நாட்டுக்குப் போய், இன்று அந்த நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. உருகுவே, மாட்டிறைச்சி சாப்பிடுவதில் உலகில் முன்வரிசையில் நிற்கும் நாடு. துவர்ப்பு ஒயினும் இறைச்சியும் அங்கே ஜோடி சேர்ந்தது தற்செயலா? கொஞ்சம் கீழே போனால் புரியும்.

இந்தியாவில் எங்கே? நம்ம ஊரில் ஏன் இல்லை?

இந்தியாவில் ஃபுல் பாடி ரெட் என்றால் இரண்டு திசைகள். ஒன்று மகாராஷ்டிரத்தின் நாசிக். அங்கே சுலா உள்ளிட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. இன்னொன்று பெங்களூருவுக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம். 1988இல் தொடங்கிய குரோவர் தோட்டங்கள் அங்கேதான். அவர்களுடைய ‘லா ரிசர்வ்’, கேபர்னே சாவின்யோனும் ஷிராஸும் கலந்தது. நெமிலியிலிருந்து காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் பக்கம் போய்விடலாம்.

அங்கே விளைவது நம் சமவெளியில் ஏன் விளையவில்லை? ராத்திரிதான் காரணம். நல்ல ஒயின் திராட்சைக்குப் பகலில் வெயிலும் இரவில் குளிர்ச்சியும் வேண்டும். நாசிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். நந்தி மலைப் பக்கம் சுமார் 900 மீட்டர். வேலூர், ராணிப்பேட்டைச் சமவெளியில் கோடை இரவுகூட அனல்தான். அந்தச் சூட்டில் பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு இறங்கிவிடும். தோலிலும் விதையிலும் டானின் பக்குவப்படுவதற்கு முன்பே பழம் இனித்துவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். இங்கே தூங்காது. அதனால் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, செப்டம்பர் - அக்டோபரில் இன்னொரு கவாத்து என்று கத்தியால்தான் கொடிக்குக் காலம் சொல்ல வேண்டியிருக்கிறது. பழம் ஜனவரி முதல் மார்ச் வரை, குளிர் இருக்கும்போதே அறுவடையாகும்.

‘நம்ம கம்பம் பன்னீர் திராட்சை?’ என்று கேட்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. வாசனையான பழம், ஒயினும் செய்யலாம். ஆனால் பெரிய பழம், நிறையச் சாறு. ஆகவே லைட்டான, மணமான ஒயின் வரும்; கெட்டித் தயிர் வராது. கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர் வீட்டில் சின்ன கிளாஸில் இனிப்பாகக் கொடுப்பார்களே, நம்மில் பலருக்கு ஒயின் என்றால் அந்தச் சுவைதான் நினைவு. அந்த எதிர்பார்ப்போடு கேபர்னேயைக் குடித்தால் அதிர்ச்சிதான் வரும்!

எதோடு சாப்பிடுவது? டீக்கடையில் விடை இருக்கிறது

கடும் டீயைப் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள். துவர்க்கும். பால் ஊற்றினால்? துவர்ப்பு அடங்கிவிடும். டீயில் இருப்பதும் டானின் வகைதான். பாலில் உள்ள புரதம் அதைப் பிடித்துக்கொள்வதால், நம் எச்சிலுக்கு வேலை மிச்சம்.

ஃபுல் பாடி ஒயினுக்கு அந்தப் ‘பால்’ எது? ஆட்டுக்கறி. கறியின் புரதமும் கொழுப்பும் டானினை வாங்கிக்கொள்கின்றன. உப்பும் துவர்ப்பை மட்டுப்படுத்தும். பதிலுக்கு ஒயினின் துவர்ப்பும் புளிப்பும் வாயில் படிந்த கொழுப்பைக் கழுவி, அடுத்த கவளத்துக்குத் தயார்படுத்தும். உருகுவேக்காரர்கள் தன்னாவோடு இறைச்சியைச் சாப்பிடுவதன் கணக்கு இதுதான். இனி நம்ம ஊர் மெனுவுக்கு வரலாம்.

*மட்டன் மிளகு வறுவல் + ஷிராஸ்:* இந்தப் பட்டியலில் முதல் பரிசு இதற்குத்தான். ஷிராஸில் மிளகு வாசம் வருகிறது என்று சொன்னோம் அல்லவா? அது சும்மா வர்ணனை இல்லை. ‘ரோட்டண்டோன்’ என்ற ஒரே மூலக்கூறுதான் மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த வாசத்தைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவர் மூக்குக்கு இந்த வாசம் எட்டவே எட்டாது என்பதையும் அவர்கள்தான் கண்டார்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை!

*ஆம்பூர் மட்டன் பிரியாணி:* சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், நெய் - எண்ணெய், வெந்து குழைந்த கறி. கொழுப்பும் புரதமும் ஒயினுக்குச் சாதகம். மிளகாய் பாதகம். கனமான கேபர்னேயைவிட, பழச்சுவையுள்ள ஷிராஸ் இங்கே பொருந்தும். தயிர்ப் பச்சடியை ஒதுக்காதீர்கள். காரத்தையும் துவர்ப்பையும் ஒரே நேரத்தில் அடக்குவது அதுதான். கூட வரும் எண்ணெய்க் கத்தரிக்காயின் புளிப்புக்கும் ஒயின் தாக்குப்பிடிக்கும். புளியில் முக்கியமாக இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் திராட்சையிலும் முக்கிய அமிலம். தூரத்துச் சொந்தம்!

*சீக் கபாப், கரியில் சுட்ட கறி + கேபர்னே சாவின்யோன்:* சுட்ட கறியின் புகை வாசமும் பீப்பாயில் இருந்த ஒயினின் மர வாசமும் சேர்ந்து போகும்.

*ஆட்டுக்கால் பாயா:* உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது கொலாஜன் வெந்து கரைந்த ஜெலட்டின். டானினுக்குப் பிடித்த அதே புரதம். காரம் குறைவாக வைத்தால், கடும் துவர்ப்புள்ள ஒயினும் பாயாவோடு சாதுவாகிவிடும்.

*சைவம் என்றால்:* பனீர் டிக்கா, நன்றாக எண்ணெயில் வதங்கிய கத்தரிக்காய். பனீரில் பால் புரதம் இருக்கிறது, டீ கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துவர்ப்பைக் குறைக்கவும் ஒயினைத் தெளியவைக்கவும் சில தயாரிப்பாளர்கள் ஜெலட்டின், முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் போன்றவற்றைச் சேர்ப்பது உண்டு. அவை டானினோடு ஒட்டி அடியில் படிந்ததும் ஒயினை இறுத்துவிடுவார்கள். ஜெலட்டின் எதிலிருந்து கிடைக்கிறது? மிருகத்தின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும்! கண்டிப்பான சைவம் என்றால், வாங்கும் முன் அந்த பிராண்டின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

சேராத ஜோடிகள்

*மீன், நண்டு, இறால்:* ஃபுல் பாடி ரெட்டோடு சாப்பிட்டால் கவிச்சி தூக்கும். ரெட் ஒயினில் உள்ள இரும்புச் சத்து இதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். வஞ்சிரம் வறுவலுக்கு இது வேண்டாம்.

*கடும் காரம்:* மிளகாய் தூண்டும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் சீண்டும். 14 சதவீத ஒயினோடு சில்லி சிக்கன் சாப்பிட்டால், எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். துவர்ப்பும் இரண்டு மடங்காகத் தெரியும்.

*இனிப்பு:* ஆற்காடு மக்கன் பேடாவை ஒரு வாய் கடித்துவிட்டு கேபர்னே குடித்தால், அவ்வளவு விலை கொடுத்த ஒயின் வெறும் புளித்த கஷாயமாகத் தெரியும். பேடாவுக்கு மரியாதை கொடுத்துத் தனியாகச் சாப்பிடுங்கள்.

வேலூர் வெயிலில் ‘ரூம் டெம்பரேச்சர்’

ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, ரூம் டெம்பரேச்சரில்தான் குடிக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு ரூம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். நம் ரூம் 33 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பழ வாசமெல்லாம் காணாமல் போகும்.

எனவே தைரியமாக ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரொம்ப ஜில்லென்று ஆகிவிட்டால் துவர்ப்பு கூடுதலாகத் தெரியும். கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் சரியாகிவிடும். திறந்த பாட்டிலை ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

‘ஒயின்தானே, லைட்தானே?’

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். கணக்கைப் பாருங்கள். 13.5 சதவீத ஒயின் ஒரு பாட்டில் 750 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 80 கிராம். 42.8 சதவீதமுள்ள விஸ்கியோ பிராந்தியோ ஒரு குவார்ட்டர், 180 மில்லி. அதில் சுமார் 61 கிராம். அதாவது, ‘நான் ஹாட் எல்லாம் தொடமாட்டேன், ஒயின் மட்டும்தான்’ என்று ஒரு முழு பாட்டிலைக் காலி செய்பவர், ஒரு குவார்ட்டருக்கும் மேலேயே குடித்திருக்கிறார். சின்ன கிளாஸ் என்று நினைக்கும் 150 மில்லியிலேயே 16 கிராம்.

‘ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். 1991இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, கொழுப்பு நிறையச் சாப்பிட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு ரெட் ஒயின் காரணமாக இருக்கலாம் என்று சொன்னதிலிருந்து அது பரவியது. அதற்குப் பிறகு நிறையத் தண்ணீர் ஓடிவிட்டது. ஆல்கஹால் கலந்த பானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988இல். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒயினுக்கு அதில் விதிவிலக்கு இல்லை. உடம்புக்கு நல்லது என்று நினைத்து யாரும் தொடங்க வேண்டாம். டானின் வகைச் சத்துதான் வேண்டுமென்றால் நாவல்பழம் இருக்கிறது. நாக்கும் அதே நிறத்தில் ஊதா ஆகும்!

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பதும் சட்டப்படி குற்றம். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதைப் பாட்டில் லேபிளே சொல்கிறது. ‘கிளையன்ட் டின்னர், குடிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது’ என்று தோன்றினால், ‘எனக்கு வேண்டாம், தேங்க்ஸ்’ என்பது ரொம்ப நல்ல பதில். அதற்கு எந்த டானினும் தெரிந்திருக்க வேண்டாம்.

பெரியப்பா சொன்னது

போன வாரம் நெமிலி போயிருந்தபோது பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வாழ்நாளில் ஒயினைத் தொட்டதில்லை. அண்ணன் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அந்தக் காலத்துல குழித் தண்ணி பதமா இருக்கான்னு பார்க்க, பெரிய மேஸ்திரி ஒரு சொட்டு நாக்குல வச்சிப் பார்ப்பாரு. நாக்கை இழுத்துச்சுன்னா சாறுல சத்து இருக்குன்னு அர்த்தம். இழுக்கலைன்னா புதுப் பட்டை போடணும். அவனுக்கு நாக்கு இழுத்துச்சு இல்ல? அப்ப அது நல்ல சரக்குதான். அதை ஏன் பயந்து பயந்து தலையாட்டிட்டு வந்தான்?”

அண்ணனுக்கு அப்படியே ரெக்கார்டு பண்ணி அனுப்பிவிட்டேன். அடுத்த டீம் டின்னரில் மேனேஜர் ‘டானின்’ என்று தொடங்கினால், இந்த முறை பேசப்போவது நெமிலிக்காரர்தான்.